முதல் குண்டின் கணக்கு

ஏர் ரைபிள் சுடுகிற பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவது, நடுவில் ஒரே ஓட்டையாகக் கிழிந்த டார்கெட் அட்டையைத்தான். பத்துக் குண்டும் ஒரே இடத்தில் போயிருக்கும். அழகாகத்தான் இருக்கும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: "முதல் குண்டு எங்கே போச்சு?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. "துப்பாக்கி செட் ஆகட்டும்னு சும்மா ரெண்டு போட்டுட்டு ஆரம்பிச்சேன் சார்" என்பார்கள். எனக்கு அந்தச் சும்மா போட்ட குண்டுதான் வேண்டும். ராத்திரி முழுக்கப் பெட்டியில் கிடந்த துப்பாக்கி, காலையில் எடுத்தவுடன் எங்கே சுடுகிறது? அதன் குணம் அங்கேதான் தெரியும்.

காற்றுத் துப்பாக்கியின் வரலாற்றை முதல் குண்டை மற்றக் குண்டுகளோடு கொண்டுபோய்ச் சேர்க்கப் பாடுபட்ட வரலாறாகவே நான் பார்க்கிறேன். அந்த வரலாற்றின் பல கட்டங்களை நான் கண்டது தாம்பரத்துக்கும் பரங்கிமலைக்கும் இடைப்பட்ட இந்த ஊர்களில்தான். நான் தாம்பரம் கார் ஷெட்டில் பிரேக் பிரிவு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயில், 2004-ல் நிற்கும்வரை என் கையில் இருந்தது. அடைத்து வைத்த காற்று என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வண்டிதான்.

இந்தப் பக்கத்துக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதல்ல. 1759 பிப்ரவரியில், லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டிருந்தபோது, பரங்கிமலை அடிவாரத்தில் சண்டை நடந்தது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பீரங்கிப் படை அங்கேயே தலைமையிடம் அமைத்தது. பக்கத்திலேயே பல்லாவரம் கன்டோன்மென்ட். சண்டை இல்லாத நாட்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வேட்டைதான் பொழுதுபோக்கு. செங்கல்பட்டுச் சீமையின் ஏரிகளெல்லாம் பறவை நிறைந்தவை, துப்பாக்கியோடு கிளம்பிவிடுவார்கள். வேடந்தாங்கல்காரர்கள் அதைப் பொறுக்கவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1798 வாக்கில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று கவுல் என்னும் எழுத்து உறுதி வாங்கினார்கள். துப்பாக்கிக்கு எதிராக ஒரு கிராமம் வாங்கிய அந்தத் தாளை, துப்பாக்கி பழுது பார்க்கிற நானும் மதிக்கிறேன்.

வேட்டைக்காரனுக்கு உள்ளது ஒரே குண்டு. அது தவறினால் ஏரியே எழுந்து பறந்துவிடும். அதனால் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த நரிக்குறவர்கள் குழாயைத் துடைப்பதிலும் மருந்தை அளந்து போடுவதிலும் அத்தனை கவனமாக இருந்தார்கள். ஈரம் பட்ட மருந்தும் கரி படிந்த குழாயும் முதல் குண்டைக் கெடுக்கும் என்பது அவர்களுக்குப் பாட்டன் காலத்துப் பாடம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக் காலம் சட்டப்படி முடிந்தது, முடிந்தது நல்லது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 2007-ல் காப்புக் காடாயிற்று, 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது. இன்று அங்கே பறவையைக் குறி பார்ப்பது கேமராதான். ஆனால் வேட்டைக்காரர்களிடம் இருந்த அந்த ஒற்றைக் குண்டு ஒழுக்கம் வேறு இடத்துக்கு இடம்பெயர வேண்டியிருந்தது.

அது உடனே நடக்கவில்லை. நடுவில் பலூன் கடை வந்தது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் முதன்முதலில் ஏர் கன்னைத் தொட்டது அங்கேதான்: பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் திருவிழா, திருநீர்மலை, குன்றத்தூர், பல்லாவரம் சந்தை. பேரலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும்; விசையை அழுத்தினால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும்; பிஸ்டன் காற்றை நெருக்கி, அந்தக் காற்று குண்டைத் தள்ளும். பிஸ்டன் முனையில் காற்று பின்னால் கசியாமல் தடுப்பது ஒரு தோல் வாஷர், சின்னக் கிண்ணம் போல இருக்கும். பழைய ஏர் கன்னின் உயிர் அந்தத் தோல்தான்.

தோலுக்கு நாங்கள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. குரோம்பேட்டை என்ற பெயரே 1910-களில் ஜி. ஏ. சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. நாகல்கேணியில் தோல் பதனிடும் கூடங்கள் வரிசையாக இருந்தன. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து அச்சில் அழுத்திக் காயவைத்தால் கிண்ண வடிவம் அப்படியே நிற்கும். குரோம் தோல் சூட்டைத் தாங்கும், ஆனால் வடிவம் அவ்வளவு நிற்காது. வேலை முடிந்து வரும் வழியில் துண்டுத் தோல் வாங்கி, பலூன் கடைக்காரர்களுக்கு வாஷர் வெட்டிக் கொடுத்தது என் இளமைக்கால உபதொழில்.

அந்தத் தோல் வாஷர்தான் முதல் குண்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது. ராத்திரி சும்மா கிடந்தால் தோல் காயும், சுருங்கும். மறுநாள் முதல் அழுத்தத்தில் ஓரமாகக் காற்று கசியும். குண்டு வலுவில்லாமல் கீழே விழும். இரண்டு மூன்று தடவை ஓடினால் தோல் இளகி, சுவரோடு பொருந்திவிடும். சரி, காயாமல் இருக்கட்டும் என்று எண்ணெயை அதிகம் விட்டால் வேறு வம்பு. நெருக்கப்படும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். படீர் என்று சத்தம், குழாய் வாயில் புகை, குண்டு மேலே போகும். ஆக, ஒரே துப்பாக்கியின் முதல் குண்டு ஒரு நாள் கீழே, ஒரு நாள் மேலே. எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர் அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "கடை திறக்குறதுக்கு முன்னாடி பலகையில ரெண்டு மூணு போட்டுடுவேன் தம்பி. அப்புறம் நாள் பூரா ஒரே மாதிரி ஓடும்." கடைக்கு அது போதும். போட்டிக்குப் போதாது.

ஷெட்டிலும் இதே பாடம்தான். அந்தக் காலப் பிரேக் சிலிண்டர் பிஸ்டன்களிலும் தோல் கிண்ணம்தான் இருக்கும். எங்கள் மேஸ்திரி சொல்வார்: "ராத்திரி நின்ன வண்டியோட முதல் பிரேக்கை நம்பாதே. போட்டுப் பார்த்துட்டு அப்புறம் வண்டியை விடு." பயணிகள் ஏறிய பிறகு முதல் பிரேக் என்று ஒன்று தனியாக இருக்கக் கூடாது; எல்லாப் பிரேக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஏர் ரைபிளைப் பற்றி இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

முன்கூட்டியே காற்றை நிரப்பி வைத்துச் சுடும் துப்பாக்கி நம் காலத்துப் புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. டைரோல் பகுதியைச் சேர்ந்த பார்த்தலோமியோ ஜிரார்தோனி செய்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780 வாக்கிலேயே ஏற்றுக்கொண்டது. அதன் பின்கட்டையே காற்றுக் கலம். கையால் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு தடவை பம்பு அடித்தால்தான் அது நிரம்பும். இருபது குண்டுக்கு மேல் பிடிக்கும் குழாய் பக்கத்தில் உண்டு. புகையில்லை, சத்தமும் குறைவு. அமெரிக்காவில் லூயிஸும் கிளார்க்கும் 1803-ல் தொடங்கிய பயணத்தில் இப்படி ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பழங்குடி மக்களுக்குச் சுட்டுக் காட்டினார்கள். ஆனால் அதிலும் காற்றைக் காத்தது தோல் அடைப்புதான். அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. கலம் நிறைந்திருக்கும்போது முதல் குண்டு வேகமாகப் போகும். காற்று குறையக் குறைய ஒவ்வொரு குண்டும் முந்தையதைவிடத் தளரும். அதை ஒழுங்குபடுத்த அன்றைக்கு வழியில்லை. அந்தப் படைத் துப்பாக்கி நிலைக்காமல் போனதற்கு இத்தகைய பராமரிப்புத் தொல்லைகளும் காரணம்.

பிறகு வந்த விளையாட்டுத் துப்பாக்கிகள் வேறு வழியில் போயின. ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 300 மாதிரியில் ஸ்பிரிங்தான். ஆனால் பிஸ்டன் பாயும்போது வரும் உதறல் சுடுபவரின் தோளுக்கு வராதபடி மேல்பகுதி முழுவதும் தண்டவாளம் போன்ற பாதையில் வழுக்கி ஓடும். 10 மீட்டர் ஏர் ரைபிள் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1984 லாஸ் ஏஞ்சல்ஸில். அந்தக் காலத்தில் பேர்பெற்ற மற்றொரு வகையில், ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை ஒரு தடவை இழுத்துப் புதிதாகக் காற்றை நெருக்க வேண்டும். சேமிப்பே இல்லாததால் முதல் குண்டும் அறுபதாவது குண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அறுபது தடவை நெம்புகோல் இழுத்தால் தோள் அசந்துவிடும். அசந்த தோள் குறியைக் கெடுக்கும்.

அதற்குத் தீர்வாகக் கரியமில வாயு நிரப்பிய துப்பாக்கிகள் வந்தன. சென்னைக்குப் பொருந்தவே பொருந்தாத துப்பாக்கி என்றால் அதுதான். சிலிண்டருக்குள் அந்த வாயு திரவமாக இருக்கும். அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பம். 20 டிகிரியில் சுமார் 57 பார். 30 டிகிரியில் சுமார் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம் என்ற நிலையே இல்லை. நம் ஊரில் மார்ச் முதல் ஜூன் வரை நிழலிலேயே 31 டிகிரிக்கு மேல்தான். போதாக்குறைக்கு, ஒவ்வொரு குண்டு சுடும்போதும் திரவம் ஆவியாகித் தன் சூட்டை இழக்கும். அதனால் முதல் குண்டு வேகமாகப் போகும், அடுத்தடுத்துச் சுடச்சுட வேகம் குறையும், கொஞ்சம் நிறுத்தினால் மறுபடி ஏறும். குளிர்நாட்டு உள்ளரங்கத்தில் ஓரளவு அடங்கியிருந்த வாயு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அடங்கவில்லை.

1990-களின் பிற்பகுதியில் உயர்மட்டப் போட்டிகள் வெறும் காற்றுக்கே திரும்பின. அதுதான் இன்றைய பிசிபி: சுடுவதற்கு முன்பே காற்று நிரப்பிய ரைபிள். போட்டி ரைபிளின் சிலிண்டரில் 200 பார் வரை அடைக்கலாம். ஜிரார்தோனிக்குக் கிடைக்காத ஒரு பொருள் இதில் இருக்கிறது: ரெகுலேட்டர். சிலிண்டரில் 200 இருந்தாலும் 100 இருந்தாலும், குண்டைத் தள்ளும் சின்ன அறைக்குள் அது குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தில்தான் காற்றை விடும். அந்த அழுத்தம் வந்ததும் தானே மூடிக்கொள்ளும். குண்டு நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும். நல்ல நிலையில் உள்ள ரைபிளில் குண்டுக்குக் குண்டு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்காது.

நல்ல நிலையில் இருந்தால்தான் அப்படி. ரெகுலேட்டர் மூடும் இடத்தில் ஒரு தூசி, ஒரு மெல்லிய கீறல் இருந்தால் போதும், சுடாமல் வைத்திருக்கும் நேரமெல்லாம் உயர் அழுத்தக் காற்று துளித்துளியாக அந்த அறைக்குள் ஊறும். காலையில் முதல் குண்டு அதிக அழுத்தத்தில் கிளம்பும். அடுத்ததிலிருந்து எல்லாம் சரியாகிவிடும். வேகமானியில் வைத்துப் பார்த்தால் முதல் குண்டு 175, அடுத்து 170, 170, 171 என்று காட்டும். ஐந்து மீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 170 மீட்டர் வேகத்தில் 10 மீட்டரைக் கடக்கும் குண்டு வழியில் சுமார் 17 மில்லிமீட்டர் தாழும். 175-ல் போனால் 16 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். டார்கெட்டின் நடுவிலுள்ள பத்துப் புள்ளியின் விட்டமே அரை மில்லிமீட்டர்தான். இன்றைய தசமக் கணக்கில் கால் மில்லிமீட்டருக்கு 0.1 புள்ளி போகும். ஆக, ஒரு தூசி 0.4 புள்ளியைத் தின்றுவிடுகிறது.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. நெடுநேரம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் ஒட்டிக்கொள்ளும். வால்வைத் தட்டும் சுத்தியலின் பாதையில் கிரீஸ் கெட்டிப்படும். முதல் தட்டு தயங்கும், வால்வு குறைவாகத் திறக்கும், முதல் குண்டு கீழே போகும். இரண்டு நோயும் ஒரே ரைபிளில் இருந்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டு, வேகமானியில் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலக் காட்டும். அதனால் நான் நேரத்தை வைத்துப் பிரித்துப் பார்ப்பேன். சுட்டுவிட்டுப் பத்து நிமிஷம் வைத்து ஒரு குண்டு, ஒரு மணி நேரம் வைத்து ஒரு குண்டு, ஓர் இரவு வைத்து ஒரு குண்டு. பத்து நிமிஷத்திலேயே வேகம் ஏறினால் ரெகுலேட்டர் ஊறுகிறது. இரவு வைத்தால் மட்டும் வேகம் இறங்கினால் ஓ-ரிங்கையோ கிரீஸையோ பார்க்க வேண்டும்.

நம் கடற்கரைக் காற்றுக்கென்று தனிக் கவனம் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வேளச்சேரி, மேடவாக்கம் பக்கத்துக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். அதை அப்படியே கைப்பம்பில் அடைத்தால் ஈரமும் சிலிண்டருக்குள் போய் நீராகப் படியும். ரெகுலேட்டர் மூடும் இடத்தை முதலில் கெடுப்பது அதுதான். ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இல்லாத பம்பை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. போட்டி ரைபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பத்தாண்டு ஆயுள்தான் குறிக்கிறார்கள். தேதி முடிந்த சிலிண்டரை எத்தனை பளபளப்பாக இருந்தாலும் கழற்றி வைத்துவிட வேண்டும். 200 பார் காற்றோடு விளையாட்டு கிடையாது. ஏசி அறையிலிருந்து எடுத்து நேரே மொட்டை மாடிக்குப் போய்ச் சுடுவதும் வேண்டாம். எஃகும் ரப்பரும் காற்றும் மாடிச் சூட்டுக்கு வந்து நிலைக்கட்டும்.

இத்தனை கவலை எதற்கு என்றால், மேடையில் நிற்கும்போது வித்தியாசம் அவ்வளவு சின்னது. 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். அபினவ் பிந்த்ரா 700.5, இரண்டாவதாக வந்த சீனாவின் ஜூ சீனான் 699.7. எழுபது குண்டுக்குப் பிறகு 0.8 புள்ளிதான் இடைவெளி. இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைக் குண்டு எங்கோ விலகிப் போனதையும், அவசரமாக சைட்டைத் திருத்திக்கொண்டதையும் பிந்த்ரா தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு கணக்கில் சேரும் முதல் குண்டு 10.7. கடைசிக் குண்டு 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 10.8-ஐச் சொல்வார்கள். நான் பிள்ளைகளிடம் 10.7-ஐச் சொல்வேன். சைட் விலகியிருந்ததைக் கண்டுபிடித்த அடுத்த நிமிஷமே நம்பிக்கையோடு சுட்ட குண்டு அது.

நம் பக்கத்துக்கும் இதில் பெயர் உண்டு. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் படுத்துச் சுடும் ரைபிள் புரோன் பிரிவில் தங்கம் வாங்கிய ரூபா உன்னிகிருஷ்ணன் சென்னையில் படித்து வளர்ந்தவர். 2012 லண்டனில் ஏர் ரைபிள் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸில் அறுபது குண்டில் 630.7 எடுத்து 10-ஆவது இடத்தில் நின்றார். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. குண்டுக்குச் சராசரி 10.5-க்கு மேல் எடுத்தும் இடம் கிடைக்காத விளையாட்டு இது. 2021-ல் நடிகர் அஜித்குமார் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கங்கள் வாங்கியபோது, இந்த விளையாட்டைக் கேள்விப்படாத வீடுகளிலும் பேச்சு எழுந்தது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது, துப்பாக்கி சுடுதல் வேளச்சேரி குருநானக் கல்லூரி அரங்கில் நடந்தது.

சட்டத்தைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வாயளவோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். 10 மீட்டர் போட்டி ரைபிளின் ஆற்றல் சுமார் 8 ஜூல்தான். ஆற்றல் அதிகம் வேண்டும் என்று கேட்டு வரும் பையன்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்தக் கலைக்கு வேண்டியது பலம் அல்ல, மாறாத தன்மை.

இப்போது சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று எங்கும் பள்ளிகளிலும் மாடிகளிலும் 10 மீட்டர் பாதைகள் வந்துவிட்டன. அவற்றை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரைபிளுக்கும் முதல் குண்டுக்கென்று தனி அட்டை வையுங்கள். காலையில் பெட்டியிலிருந்து எடுத்ததும், சூடேற்றாமல், வெறும் காற்று விடாமல், அந்த அட்டையில் ஒரே ஒரு குண்டு. பக்கத்தில் தேதி, அறையின் வெப்பம், சிலிண்டர் அழுத்தம், எத்தனை மணி நேரம் ஓய்வில் இருந்தது என்று எழுதுங்கள். மறுநாள் அதே அட்டையில் அடுத்த முதல் குண்டு. பத்து நாளில் பத்து முதல் குண்டு சேரும். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறதோ அதுதான் அந்த ரைபிளின் உண்மையான துல்லியம். எல்லாம் ஒரே பக்கமாக மேலே ஒதுங்கினால் ரெகுலேட்டரைத் திறக்கலாம். கீழே ஒதுங்கினால் வால்வைப் பார்க்கலாம். எல்லாத் திசையிலும் சிதறினால் ரைபிளை விட்டுவிட்டுச் சுடுகிற பிள்ளையின் நிலையையும் மூச்சையும் கவனிக்கலாம். போட்டியில் பதினைந்து நிமிஷம் சோதனைச் சுடுதல் தருகிறார்கள் என்பது உண்மைதான். அந்தப் பதினைந்து நிமிஷத்தைத் துப்பாக்கியைத் தேற்றுவதிலேயே செலவழிக்கிற பிள்ளைக்குத் தன்னைத் தேற்றிக்கொள்ள நேரம் இருக்காது. முதல் குண்டிலேயே நம்பத் தகுந்த ரைபிளை அந்தப் பிள்ளையின் கையில் கொடுப்பது நம் கடமை. அதற்கு ஆகும் செலவு ஓர் அட்டையும் கொஞ்சம் பொறுமையும்தான்.